அஞ்சாலைக்கு நல்ல தண்ணீர்

ஒரு மனிதருக்கு வலது கை போனதற்கு நான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ மீன் வளர்த்த கதை என்று நம்பி யாராவது சுவாரசியமாகப் படித்து வந்து, பாதி வழியில் இது தெரிந்தால் என்னை ஏமாற்றுக்காரன் என்பார்கள். அந்தப் பேர் எனக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. இன்னொரு தரம் வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து நாலு வயது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் பகுதியில் இருந்த ஒரு கல்லூரியில், இயற்கை வரலாற்று அறைக்குத் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். பிரெஞ்சில் பிழையில்லாமல் எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவற மாட்டேன். இந்த இரண்டு தகுதியைப் பார்த்துக் கொடுத்த வேலை. புட்டிகளில் கிடக்கும் பாம்புக்கும் தேளுக்கும் மருந்து நீர் வற்றாமல் ஊற்றுவதும், பட்டாம்பூச்சிப் பெட்டிகளில் எறும்பு ஏறாமல் பார்ப்பதும்தான் என் தொழில். செத்தவற்றைப் பாதுகாப்பதில் நான் கெட்டிக்காரன் என்று என் துரை சொல்வார். பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தத் துரை குள்ளமான, வாய் ஓயாத பிரெஞ்சுக்காரர். அந்த அறைக்குப் பேராசிரியர். அவரிடம் ஒரு நாள் காலையில் தேங்காய்த்திட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பானையைச் சுமந்து வந்தார். கழிமுகத்தில் இறால் தடவுகிறவர். வலை, தூண்டில் எதுவும் கிடையாது. மார்பளவு தண்ணீரில் குந்தி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் பட்ட இறாலை அமுக்கிப் பறிக்குள் போடுவார்கள். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் தடவிக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை, எல்லாம் கைதான்.

அவருடைய பறிக்குள் இறாலைத் தின்ன நுழைந்து மாட்டிக்கொண்டது பானையில் இருந்தது. "இது அஞ்சாலைங்க. கொளத்து வெலாங்குன்னு நெனச்சி கைய வுட்றாதீங்க" என்றார். துரை பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தார். அஞ்சாலை என்றால் விலாங்குக்குச் சொந்தம், கடலடிப் பாறையில் குடியிருப்பது என்றுதான் அவரும் படித்திருந்தார். இதுவோ சதுப்பில் நிற்கும் கண்டல் மரத்து வேருக்கு அடியில், ஆறும் கடலும் கலக்கிற கலங்கல் தண்ணீரில் வாழ்வது. அப்படி ஒரு வகை உண்டு, உயிரோடு பார்த்தவர்கள் குறைவு என்றார்.

எனக்கு முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. ஒன்றரை முழ நீளம், சேற்றின் நிறம். செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழவழவென்று கோழை. பக்கத் துடுப்பும் இல்லை. வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் மஞ்சள் கடுகைத் தூவினது போல உடம்பு நெடுகப் புள்ளிகள் தெரியும். வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருகிறது என்று எல்லோரும் பின்வாங்குவார்கள். அது மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். கண் சுமார். மூக்கில்தான் அதன் உயிரே இருக்கிறது. உதட்டுக்கு மேலே இரண்டு சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். இறாலைத் தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் அந்தக் குழல் நடுங்கும், பிறகுதான் தலை திரும்பும். இறால்காரர் இன்னொன்றும் சொன்னார்: "தொண்டைக்குள்ள இன்னொரு வரிசை பல்லு இருக்குதுங்க. முன்னாடி வாய் புடிக்கும், உள்வாய் இழுக்கும்." துரை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஒழுகாமல் சந்துகளில் மக்கு பூசி ஒரு தொட்டி செய்தோம். அடியில் ஆற்று மணல், அதன்மேல் உடைந்த சுட்ட மண் குழாய் இரண்டு. குழாய்க்குள் உடம்பை நுழைத்துத் தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும். மேலே பலகை மூடி, மூடியின் மேல் நாலு மூலைக்கும் கல். விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், அது வெளியேறிவிடும். வெயில் காலத்தில் கண்ணாடியைச் சுற்றி ஈரச் சாக்கு போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மூங்கில் இடுக்கியால் இறால் கொடுக்க வேண்டும், தின்னாமல் விட்டதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு நாள் அந்த இறால்காரர் கழிமுகத்துத் தண்ணீரை இரண்டு குடம் காவடி கட்டிக் கொண்டுவருவார். பழையதில் பாதியை இறைத்துவிட்டுப் புதியதை ஊற்றுவோம்.

மாசி மாதம் துரை விடுப்பில் பிரான்சுக்குக் கப்பலேறினார். திரும்ப எட்டு ஒன்பது மாதம் ஆகும். போகுமுன் நாலு பக்கத்துக்குப் பராமரிப்பு முறையை எழுதிக் கையில் கொடுத்தார். "நான் வரும்போது இது உயிரோடு இருந்தால், உன் வேலையை நிரந்தரமாக்க நானே எழுதுகிறேன்" என்றார். நான் நாலு பக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பாக்கிக் கதையைக் கேட்கும்போது, எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் என் பக்கம் பேச வேண்டாம்.

சித்திரை வெயிலில் அது தின்பதை நிறுத்தியது. ஒரு வாரம், இரண்டு வாரம். இடுக்கியில் இறாலை மூக்கருகே ஆட்டினாலும் குழாய்க்குள் போய்விடும். அஞ்சாலை இப்படி மூன்று வாரம்கூடக் கிடக்கும், பயப்படாதே என்று துரை எழுதியிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீரோ கலங்கலும் நாற்றமும். அந்த அறையில் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. முத்திரைப்பாளையத்து ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்கு ஈடு இல்லை என்போம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, வெளியூர் விருந்தாளிக்கு முதலில் அந்தத் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தால் அவமரியாதை. என் அம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், "குழா தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்ன நோய் என்றே விசாரிப்பாள். நோயாளிக்கு நல்ல தண்ணீர் கொடுக்காமல் இந்தச் சாக்கடையில் போட்டு வைத்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. ஆற்றில் மழை வெள்ளம் வரும்போது உப்பில்லாத தண்ணீரில்தானே அது இருக்கிறது என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். தொட்டியைக் கழுவி, மணலைக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மணலின் ஒவ்வொரு பொடியும் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் இரண்டு நாள் அது தொட்டி முழுக்க இங்கும் அங்கும் நீந்தியது. மூன்றாம் நாள் ஒரு இறாலைத் தின்றது. குணமாகிவிட்டது என்று நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவஸ்தையில் அலைகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் இறால்காரர் குடங்களோடு வந்தார். இனிமேல் தண்ணீர் வேண்டாம் என்றேன். அவர் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இது உப்பு குடிச்ச உசுருங்க. வெள்ளம் வந்தா மொகத்துவாரத்துக்கு ஓடிடும். இங்க எங்க ஓடும்?"

"துரை எழுதி வச்சபடிதான் செய்யறேன். நீ உன் வேலையைப் பாரு" என்றேன். பச்சைப் பொய். அவர் குடத்துத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போனார்.

சாவு மெதுவாக வந்தது. ஆனி கடைசியில் உடம்பின் வழவழப்பு திரிந்து, பால் ஆடை போல உரிந்து தொங்கியது. கண் இரண்டும் வெளுத்தன. மூக்குக் குழலில் பஞ்சு மாதிரி ஏதோ முளைத்தது. அப்போதாவது நான் தேங்காய்த்திட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடினால் என் பொய் தெரியும். நல்ல தண்ணீர் போதவில்லை என்று குழாய்த் தண்ணீரையே இன்னும் அடிக்கடி மாற்றினேன். ஆவணியில் ஒரு நாள் குழாய்க்கு வெளியே மல்லாந்து கிடந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நடுப்பகலில், அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பெரிய வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன். வாசலில் காவல்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் துரையின் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் கப்பல் வருகிறது, அஞ்சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். ஒரு அஞ்சாலைக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்தேன். அந்த யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மழையில் நனைந்துகொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். இறால்காரர் குடிசைக்குள் பறி முடைந்துகொண்டிருந்தார். துரைக்கு ஜோடியாக இன்னொன்று வேண்டுமாம் என்றேன். செத்துப்போனதைச் சொல்லவில்லை.

"இப்ப ஆவாதுங்க. ஆத்துல வெள்ளம் எறங்கிடுச்சி. அதுங்க மொகத்துவாரத்துல கல்லு சந்துக்குள்ள பூந்திருக்கும். தையில பறி வச்சிப் புடிச்சித் தரேன்."

"தையெல்லாம் முடியாது. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் பறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வேறு ஆளிடம் போனால் நின்றுபோன தண்ணீர் வேலை திரும்பவே வராது என்று நினைத்தாரோ, அல்லது நான் கேட்டேன் என்பதற்காகவே வந்தாரோ, தெரியாது. இரண்டில் எது என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

முகத்துவாரத்துக் கற்களில் மூன்று நாள் தடவினார். மூன்றாம் நாள் பகலில் நான் கரையில் குடையோடு நின்றிருந்தேன். அவர் மனைவி பானையும் கத்தியும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் இருந்தவர் திடீரென்று அசையாமல் நின்றார். கத்தவில்லை. மெதுவாகக் கரைக்கு நடந்து வந்தார். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. முன்வாய் பிடித்திருந்தது, உள்வாய் இழுத்துக்கொண்டிருந்தது. அது உடம்பை முறுக்க முறுக்க ரத்தம் சொட்டியது.

அந்த அம்மாள் கத்தியை எடுத்து அதன் கழுத்தில் வைத்தாள்.

"வெட்டாதே!" என்று கத்தினேன்.

அவள் கை நின்றுவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவர், "இருடி, ஐயா சொல்றாரில்ல" என்று கையை மீனோடு பானைத் தண்ணீருக்குள் விட்டார். தானாக விடும்வரை காத்திருந்தார். செபமாலையில் பத்து மணி உருட்டிச் சொல்லி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கைக்காக அல்ல, மீன் பிழைக்க வேண்டும் என்று.

துரை வந்தார். இந்த முறை தொட்டியில் கழிமுகத்துத் தண்ணீர் இருந்தது. முதல் மீனின் புள்ளிகளை அவர் வரைந்து வைத்திருந்த தாளை மேசையிலிருந்து எடுத்தார். தாளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு தாளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "நன்றாக வளர்ந்திருக்கிறது" என்றார். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. என் அம்மா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

அதே மாதத்தில்தான் ஆஸ்பத்திரியில் இறால்காரர் கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். சீழ் பிடித்து, கறுத்து, தோள்வரை வீங்கிய பிறகு கட்டை வண்டியில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கட்டு முடிந்த இடத்தைப் பார்க்காமல் பேசுவது கஷ்டமாக இருந்தது. என்னால் தாங்க முடியாமல், முதல் மீன் என்னால் செத்தது, அதை மறைக்கத்தான் இதைக் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, கோடையில அதுங்க சாவுறதுதான்னு தொரகிட்ட நானே சொல்லியிருப்பேனே ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒற்றைக் கையால் இறால் தடவ முடியாது. ஒரு கையில் மறித்து இன்னொரு கையில் அமுக்க வேண்டும். அதனால் அந்த அம்மாள் தனியாகத் தடவினாள். வாரம் இரண்டு நாள் அஞ்சாலைக்கு இறாலும், ஒரு நாள் இரண்டு குடம் தண்ணீரும் அவள்தான் கொண்டுவந்தாள். கல்லூரி அதற்குக் கொடுத்ததுதான் அவர்கள் வீட்டு அரிசி. கணவன் கையைத் தின்ற மீனுக்கு மனைவி தீனி சுமந்தாள். நான் வாங்கி ஊட்டினேன். எங்கள் மூன்று பேரையும்விட அது செழிப்பாக இருந்தது. இரண்டு முழத்துக்கு மேல் வளர்ந்தது. என் காலடி அதிர்வு தெரிந்தாலே குழாயிலிருந்து தலையை நீட்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துத் துரையைச் சைகோனுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவருக்குச் செடிகொடியில்தான் நாட்டம், தொட்டிப் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு சனிக்கிழமை மூடியின் ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் அலமாரிக்குப் பின்னால், தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு, காய்ந்த தோல்வார் போலக் கிடந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். மீனுக்காகவா, எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் இறாலோடு வந்தாள். பக்கவாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டேன். "தின்னுதா?" என்று கேட்டாள். "தின்னுது" என்றேன்.

சொன்னால் அவர்கள் பிழைப்பு நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது முழுப் பொய் அல்ல. மீன் செத்ததும் கல்லூரியில் நிறுத்திவிட்ட காசை என் சம்பளத்திலிருந்து கொடுத்து வந்தேன். இறாலை வீட்டுக்கு எடுத்துப் போனேன், அம்மா குழம்பு வைத்தாள், நானும் தின்றேன். அவள் இரண்டு மைல் சுமந்து வந்த தண்ணீரை, அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் கொட்டினேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒவ்வொரு தடவையும் "தின்னுதா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் தின்னுது என்பேன்.

ஒரு நாள் காலை அவளோடு அவரும் வந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது.

"அதப் பாக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்தாரு" என்றாள்.

தூங்குகிறது, குழாயை விட்டு வராது என்றேன். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்ப் புட்டிகளைத் துடைத்தேன். துடைத்த புட்டியையே மறுபடியும் துடைத்தேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், இருந்தார். பதினொரு மணிக்கும் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்னுமில்லீங்க ஐயா. கை எரியுதுங்க, இல்லாத கை. ராத்திரில அது வலிக்கிறப்பல்லாம், போனது போச்சு, ஒரு உசுரு அதால பொழச்சிக் கெடக்குதுன்னு நெனச்சிக்குவேன். கண்ணால ஒருதரம் பாத்துட்டா மனசு ஆறும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கதவைத் திறந்து விட்டேன்.

தொட்டி காய்ந்து கிடந்தது. மணலில் பல்லி ஒன்று ஓடியது. அவர் கண்ணாடிக்குக் கிட்டப் போய், குழாய்க்குள் குனிந்து பார்த்தார். ஒரு குழாயைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எப்ப?" என்றார்.

"எட்டு மாசம் ஆச்சு."

அவர் சுவரில் சாய்ந்து, மடித்திருந்த சட்டைக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் இறால் கூடையை இடுப்பில் வைத்தபடி என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"செத்தா செத்துப்போச்சுன்னு சொல்ல, ஒனக்கு வாயே வராதாடா?"

கூடையை எடுத்துக்கொண்டு முதலில் அவள் போனாள். அவர் படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடி வலது தோளை நீட்டினார், தடுமாறினார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, திரும்பி நின்று, இடது கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.